வலி மாத்திரையை ஏன் குறைக்கிறாங்க? மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளினிக் வரிசையிலும் பாமசி கண்ணாடிக்கு முன்னாலும் திரும்பத் திரும்ப வருகிற சந்தேகங்கள் இவை. கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளை விட்டிருக்கிறோம். இங்கே சொல்லும் அளவுகள் வளர்ந்தவர்களுக்கானவை. பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கணக்கே வேறு.

இந்த அபின் வகை மாத்திரைன்னா என்ன? பனடோலும் அதுவும் ஒண்ணா?

ஒன்றல்ல. பனடோல் என்று நாம் சொல்வது பரசிட்டமோல். டைக்ளோபினாக், ஐபுபுரூபன் வீக்கத்தைக் குறைப்பவை. மோர்பின், கொடீன், ட்ரமடோல், பெத்தடின், பென்டனில் ஆகியவைதான் அபின் வகை. மூளையிலும் முள்ளந்தண்டிலும் வலிச் செய்தியைத் தடுப்பது இவற்றின் வேலை. அதோடு மூச்சின் வேகத்தையும் இவை குறைக்கும், குடலின் ஓட்டத்தையும் குறைக்கும். கட்டுப்பாடுகள் எல்லாம் இந்த மூச்சு விஷயத்தையும், உடம்பு பழகிப்போகிற விஷயத்தையும் வைத்துத்தான்.

பலர் கவனிக்காத ஒன்று: கொடீன் தனியாகவும் வரும், பரசிட்டமோலோடு கலந்தும் வரும். கலந்த மாத்திரையை எட்டுக்கு மேல் விழுங்கினால் கொடீனுக்கு முன்னால் பரசிட்டமோல் ஈரலைக் கெடுக்கலாம். 500 மில்லிகிராம் எட்டு என்றால் 4 கிராம். ஒரு நாளைக்கு அதுதான் உச்சம். அந்த மாத்திரையோடு சேர்த்துக் காய்ச்சலுக்கு வேறு பனடோல் போட்டால் அதுவும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

முந்தி கேட்டவுடனே குடுத்தாங்க. இப்ப ஏன் துண்டு இல்லாம பாமசியில தர மாட்டேங்கிறாங்க?

சட்டம் புதிதல்ல. நச்சுப் பொருட்கள், அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டம் 1929ஆம் ஆண்டினது. மோர்பின் போன்றவை அப்போதிருந்தே கட்டுப்பாட்டில் உள்ளன. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபை மற்ற மருந்துகளையும் பார்த்துக்கொள்கிறது. மாறியது பாமசிக்காரரின் பயம். ட்ரமடோலும், அபின் வகையே இல்லாத ப்ரிகபலினும் போதைக்காக விற்கப்பட்டுப் பிடிபட ஆரம்பித்தபின், டொக்டர் எழுதிய மருந்துத் துண்டு சரியில்லை என்றால் அவர் கையை எடுத்துவிடுகிறார்.

சரியான துண்டில் உங்கள் பெயர், வயது, திகதி, மருந்தின் பெயர், ஒரு மாத்திரையின் பலம், நாளைக்கு எத்தனை, எத்தனை நாளைக்கு, டொக்டரின் கையெழுத்து, அவருடைய மருத்துவ சபைப் பதிவிலக்கத்தோடு முத்திரை எல்லாம் இருக்க வேண்டும். அநேகமாக விடுபடுவது நாட்களின் எண்ணிக்கையும் முத்திரையும். அறையை விட்டு வெளியே வருமுன் இரண்டையும் பாருங்கள். ஹட்டன் டவுன் வரை இறங்கிப்போய்த் திரும்பி வருகிற பஸ் காசு மிச்சம்.

பெத்தடின் ஊசி போட்டா அஞ்சு நிமிஷத்துல வலி போயிரும். இப்ப ஏன் போட மாட்டேங்கிறாங்க?

வேகமாக வருகிறது, வேகமாகவே போகிறது. இரண்டு மூன்று மணி நேரத்தில் வலி திரும்பும், அடுத்த ஊசி கேட்கும். அடிக்கடி போட்டால் அது உடம்பில் சிதைந்து உண்டாகும் ஒரு பொருள் தேங்கி, கை கால் துடித்து வலிப்பு வரை கொண்டுபோகும். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு இன்னும் சீக்கிரம். நாட்பட்ட வலிக்குப் பெத்தடினை மறுப்பது கஞ்சத்தனமில்லை. இந்த ஒரு மறுப்பில் நாங்கள் முழுதாக டொக்டர் பக்கம்.

அமெரிக்காவுல இருக்கிற எங்க மாமாவுக்குப் பத்து வருஷமாக் குடிச்ச மாத்திரையைப் பாதியாக் குறைச்சிட்டாங்களாம். அதைப் பாத்துத்தான் இங்கயும் குறைக்கிறாங்களா?

அங்கே நடந்தது வேறு கதை. 1996இல் ஒக்சிகொன்டின் என்ற மாத்திரை விற்பனைக்கு வந்து, முதுகு வலிக்கும் மூட்டு வலிக்கும் வாரி வழங்கப்பட்டது. பலர் அடிமையானார்கள், நிறையப் பேர் செத்தார்கள். 2016இல் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் ஒரு வழிகாட்டியை வெளியிட்டது: மோர்பின் கணக்கில் நாளைக்கு 50 மில்லிகிராமைத் தொட்டால் கவனம், 90ஐத் தொடாமல் தவிர்க்கப் பாருங்கள், தொடுவதானால் காரணம் எழுதுங்கள். குடும்ப டொக்டர்களுக்கு ஆலோசனையாக எழுதியது அது. புற்றுநோய்க்காரருக்கும் கடைசிக் கால நோயாளிகளுக்கும் பொருந்தாது என்று அதிலேயே இருந்தது. ஆனால் காப்புறுதிக் கம்பனிகளும் பாமசிகளும் சில மாநிலங்களும் 90ஐத் தாண்டக்கூடாத கோடாக ஆக்கிவிட்டன. வருடக்கணக்காக ஒரே அளவில் ஒழுங்காக வேலைக்குப் போய்வந்தவர்களுக்கும் கத்திரி விழுந்தது. வலி தாங்காமல் தெருச் சரக்குக்குப் போனவர்கள் உண்டு, உயிரை விட்டவர்களும் உண்டு.

அதன்பிறகு 2019 ஏப்ரலில் அந்நாட்டு மருந்து நிர்வாகம், திடீரென நிறுத்தவோ வேகமாகக் குறைக்கவோ கூடாது என்று எச்சரித்தது. 2022இல் வழிகாட்டியைத் திருத்தி எழுதினார்கள். எண்கள் கல்லில் வெட்டிய சட்டமில்லை என்று அதில் தெளிவாக வந்தது. மாமா அந்த 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தை டொக்டரிடம் பேரைச் சொல்லியே கேட்கலாம்.

இங்கே நம் கஷ்டம் பெரும்பாலும் மறுபக்கம். அளவுக்கு மீறிக் கொடுத்ததால் வந்ததல்ல, தேவையானவருக்கும் போய்ச் சேராததால் வருவது. அமெரிக்கச் செய்தியைப் படித்துவிட்டு இங்கே புற்றுநோய்க்காரருக்கு மோர்பின் தரத் தயங்குவது, அடுத்த வீட்டுக்காரருக்குச் சீனி வருத்தம் என்று நம் வீட்டுப் பிள்ளைக்குச் சோறு போடாததைப் போல.

மோர்பின் கணக்குன்னு சொல்றீங்களே, நான் குடிக்கிறதை எப்படிக் கணக்குப் பாக்குறது?

ஒரு நாளில் குடிக்கும் மொத்த மில்லிகிராமை அந்த மருந்துக்குரிய எண்ணால் பெருக்க வேண்டும். வாயால் குடிக்கும் மோர்பினுக்கு 1. கொடீனுக்கு 0.15. ட்ரமடோலுக்கு 2016 வழிகாட்டியில் 0.1, 2022இல் 0.2 என்று கூட்டினார்கள்.

ட்ரமடோல் 50 மில்லிகிராம் கெப்சியூல் நாளைக்கு நாலு: 200 × 0.2 = 40. கொடீன் 8 மில்லிகிராம் கலந்த மாத்திரை நாளைக்கு எட்டு: 64 × 0.15 = 9.6, சுமார் 10. இரண்டையும் ஒருவரே குடித்தால் 50. இரண்டு இடத்தில் மருந்து எடுப்பவர்களிடம் இதுதான் அடிக்கடி நடக்கிறது: கிளினிக்கில் ஒன்று, டவுன் டொக்டரிடம் இன்னொன்று, ஒருவர் கொடுப்பது மற்றவருக்குத் தெரியாது. இந்தக் கணக்கு ஆபத்தை மட்டும்தான் காட்டும். ஒரு மருந்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதற்கு இதை நீங்களாகப் பாவிக்க வேண்டாம். மாறும்போது டொக்டர்மார் கணக்கில் வருவதைவிடக் குறைத்தே ஆரம்பிப்பார்கள்.

கூடை சுமந்து சுமந்து பன்னிரண்டு வருஷமா முதுகு வலி. எனக்கு ஏன் மோர்பின் எழுத மாட்டேங்கிறாங்க? கேன்சர்காரங்களுக்கு மட்டும்தானா?

புற்றுநோய்க்கு மட்டும் என்று சட்டமில்லை. தேய்ந்த மூட்டுக்கும் நாட்பட்ட முதுகு வலிக்கும் அது எதிர்பார்த்த அளவு உதவுவதில்லை என்பதுதான் காரணம். 2018இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் முதுகு, முழங்கால், இடுப்பு வலியுள்ள 240 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கத்துக்கு அபின் வகையும் மறுபக்கத்துக்கு மற்ற மருந்துகளும் 12 மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். நடமாட்டத்தில் இரு பக்கமும் ஒன்றாகவே இருந்தன. வலி அளவில் அபின் இல்லாத பக்கம் கொஞ்சம் மேல். பக்க விளைவு அபின் பக்கத்தில் கூட.

அதற்காக ‘உங்களுக்கு ஒன்றுமில்லை’ என்று அனுப்புவது சரியில்லை. கேட்க வேண்டியவை: பரசிட்டமோலை வலி வந்தபின் ஒன்றாகப் போடாமல் நேரம் வைத்து 1 கிராம் வீதம் குடித்துப் பார்த்திருக்கிறோமா, கால் வரை மின்சாரம் பாய்வதுபோல் இழுக்கிறதென்றால் இரவில் அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராமில் ஆரம்பிக்கலாமா, பிசியோதெரபிக்குத் துண்டு தருவீர்களா. கூடைக் கயிறு தலையில் எந்த இடத்தில் அழுத்துகிறது, எத்தனை கிலோவோடு எவ்வளவு ஏற்றம் ஏறுகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். டைக்ளோபினாக் மட்டும் மாதக்கணக்காக வேண்டாம். வயிற்றுப் புண், பிரஷர், சிறுநீரகம் மூன்றையும் அது தொடும். பாமசியில் சுலபமாகக் கிடைக்கிறது என்பதால் அது மோர்பினைவிடப் பாதுகாப்பானது என்று நினைத்துவிடக் கூடாது.

அம்மாவுக்கு வாய்ப் புற்றுநோய். மோர்பின் ஆரம்பிச்சா கடைசின்னு அர்த்தமாமே?

இல்லை. வலி எவ்வளவு என்பதுதான் கேள்வி, இன்னும் எத்தனை நாள் என்பதல்ல. உலக சுகாதார அமைப்பு 1986இல் புற்றுநோய் வலி மருந்துகளுக்குச் சொன்ன மூன்று படியில் மோர்பின் மூன்றாம் படி. வலி குறைந்தால் இறங்கியும் வரலாம். பயத்தில் தள்ளிப்போடுவதால் தூக்கமும் சாப்பாடும்தான் கெடுகின்றன. வெற்றிலை, புகையிலையால் வாய்ப் புற்றுநோய் நிறைய இருக்கும் நம் தோட்டங்களில் இந்தப் பயம் பெரிய கெடுதல் செய்கிறது.

இரண்டு வகை மாத்திரை உண்டு. சாதாரணமானது நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை. மெதுவாகக் கரைவது 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. வாய் திறக்க முடியாதவர் என்று இந்த இரண்டாவதை அம்மியில் நசுக்கிக் கஞ்சியில் கலக்கக் கூடாது. 12 மணி நேரத்துக்குரியது ஒரே தடவையில் இறங்கி மூச்சை அடக்கிவிடும். விழுங்கக் கஷ்டம் என்றால் டொக்டரிடம் சொல்லி வேறு வடிவம் கேளுங்கள். முதல் சில நாள் குமட்டலும் மயக்கமும் இருக்கும், பிறகு குறையும். மலச்சிக்கல் மட்டும் குறையாது. மோர்பின் எழுதிய அன்றே பிசகொடில் போன்ற மலமிளக்கியையும் எழுதச் சொல்லுங்கள். மோர்பின் ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்தியவர்களில் பலருக்கு உண்மையில் ஒத்துக்கொள்ளாதது வயிறுதான்.

டவுன்ல இருந்த டொக்டர் மாறிட்டாரு. புதுசா வந்தவர் ‘இதெல்லாம் எழுத மாட்டேன்’னு நிப்பாட்டிட்டாரு. ரெண்டாம் நாள்லயிருந்து உடம்பு பட்டபாடு சொல்ல முடியல. இது என்ன?

உடம்பு பழகிய மருந்து திடீரென இல்லாமல் போனதன் விளைவு. கொட்டாவி, மூக்கொழுகல், கண்ணீர், மயிர்க்கூச்சு, வயிற்றுப்போக்கு, கால் உளைச்சல், தூக்கமின்மை. சீக்கிரம் கரையும் மருந்தென்றால் 8 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சிக்குப் போய், ஒரு வாரம் பத்து நாளில் இறங்கும். ட்ரமடோலில் சிலருக்குப் படபடப்பும் பயமும் கூடச் சேரும். நுவரெலியாக் குளிரில் இதைத் தடிமன் என்று நினைத்துக் கொத்தமல்லி குடித்துக்கொண்டு படுத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

புதிய டொக்டருக்கு எழுத விருப்பமில்லாவிட்டாலும் குறைத்துக் குறைத்து நிறுத்த ஏற்பாடு செய்வது முறை. ‘தொடர்ந்து தாருங்கள்’ என்று கேட்பதைவிட ‘குறைக்கிறதுக்கு ஒரு அட்டவணை எழுதித் தாங்க, இல்லாட்டி வலிக் கிளினிக்குக்குக் கடிதம் தாங்க’ என்று கேட்டால் வழி பிறக்கும். கண்டி, பதுளை போன்ற பெரிய ஆஸ்பத்திரிகளில் மயக்க மருந்து நிபுணர்கள் வலி நோயாளிகளையும் பார்ப்பார்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் 1926க்கு அழையுங்கள்; அது தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம்.

சரி, குறைக்கிறதுன்னா எப்படி? மாசத்துக்கு ஒண்ணு ஒண்ணா விட்டா போதுமா?

போதாது, அதில் ஒரு கணக்குப் பொறி இருக்கிறது. ஒரு வருடத்துக்கு மேல் குடித்தவருக்கு மாதம் 10 வீதம் அல்லது அதைவிட மெதுவாக. சில வாரம், சில மாதம் மட்டும் குடித்தவருக்கு வாரம் 10 வீதம். இது 2022 வழிகாட்டியின் அளவு. நாலு கெப்சியூல் குடிப்பவர் ஒன்றை விட்டால் 25 வீதம் போகிறது. மூன்றிலிருந்து ஒன்றை விட்டால் 33 வீதம். இரண்டிலிருந்து 50. கடைசி ஒன்று 100. வெளியில் பார்த்தால் ஒவ்வொரு முறையும் ‘ஒன்று’தான். உடம்புக்கு அது கூடிக்கொண்டே போகிற அடி. முதல் ஒன்றைச் சுலபமாக விட்டவர் கடைசி ஒன்றில் விழுவது இதனால்தான்.

அதனால் வேலை நேரத்துக்குரியதை வைத்துக்கொண்டு வலி குறைந்த நேரத்து ஒன்றை முதலில் விடுவது, ஒவ்வொரு படியிலும் முந்தைய படியைவிடக் கூட நாள் நிற்பது, கடைசி ஒன்றுக்கு வந்தபின் இடைவெளியை நீட்டுவது, ஒரு நாளைக்கு ஒன்றுக்கும் குறைவாக வந்தபின் நிறுத்துவது என்று டொக்டரோடு பேசிப் போடலாம். குறைந்த பலமுள்ள மாத்திரை கிடைத்தால் படி இன்னும் சிறிதாகும். கொழுந்து அதிகமான மாதத்தில் ஆரம்பிக்காதீர்கள். தாங்கவில்லை என்றால் அதே படியில் நில்லுங்கள். மேலே ஏறுவதும் ஒரே தாவாகக் கீழே குதிப்பதும் வேண்டாம்.

மழைக்கு ரோட்டுல மண் சரிஞ்சு கிளினிக் போக முடியல. மாத்திரை நாளையோட முடியுது.

முடிந்தபின் அல்ல, மூன்று நாள் மிச்சமிருக்கும்போதே கிளினிக் புத்தகத்தோடு பக்கத்திலுள்ள அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தோட்ட டிஸ்பென்சரியில் பொதுவாக மோர்பின் இருக்காது, ஆனால் அங்குள்ளவர் ஆஸ்பத்திரிக்குப் பேசியோ கடிதம் எழுதியோ உதவலாம். நோயாளி நடக்க முடியாதவரென்றால் வீட்டிலிருந்து யார் வந்து மருந்தெடுப்பார் என்பதைப் பெயரோடு புத்தகத்தில் முன்கூட்டியே எழுதிவையுங்கள். போகிறவர் தன் அடையாள அட்டையையும் நோயாளியுடையதையும் கொண்டுபோக வேண்டும்.

ஒரு வேளை தவறினால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடாதீர்கள்.

கேட்டாலே போதைக்காரன் மாதிரி பாக்குறாங்க. எப்படிப் பேசுறது?

உடம்பு பழகுவது வேறு, அடிமையாவது வேறு. மேலே சொன்ன கொட்டாவி, வயிற்றுப்போக்கு யாருக்கும் வரும், அது பழக்கம். வலிக்கு இல்லாமல் கிறுகிறுப்புக்காகத் தேடுவது, எழுதியதைவிடக் கூடக் குடித்து முன்கூட்டியே முடிப்பது, வேலையும் வீடும் கெடுவது தெரிந்தும் விடமுடியாமல் இருப்பது அடிமைத்தனம். அதுவும் மருத்துவம் பார்க்க வேண்டிய வருத்தம்தான், வெட்கத்துக்குரியதல்ல.

எண் மட்டும் சொன்னால் எடுபடாது. ‘வலி பத்துக்கு ஒன்பது’ என்பதைவிட ‘மாத்திரையோட பத்து மணி வரைக்கும் நின்னு பறிக்கிறேன், இல்லாம ஏழரைக்கே உக்காந்துர்றேன்’ என்பது டொக்டருக்கு விளங்கும். இரண்டு வாரம் ஒரு கொப்பியில் எழுதுங்கள்: மாத்திரை போட்ட நேரம், நின்ற நேரம், தூங்கிய மணி, மலம் போன நாள். மிச்ச மாத்திரையையும் பழைய அட்டையையும் எடுத்துப் போங்கள். எண்ணிக் காட்டக் கேட்டால் கோபப்படாதீர்கள், சரியான எண்ணிக்கையைவிட நல்ல சாட்சி இல்லை. சிங்களமோ இங்கிலீசோ வராதென்றால் கூட ஒருவரைக் கூட்டிப்போங்கள். அட்டவணையைத் தமிழில் சொல்லக்கேட்டு அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள்.

அப்பா தவறிட்டாரு. அவருக்குத் தந்த மோர்பின் மீதி இருக்கு. அம்மாவோட முழங்கால் வலிக்குக் குடுக்கலாமா?

வேண்டவே வேண்டாம். அப்பாவின் உடம்பு மாதக்கணக்காகப் பழகி அந்த அளவுக்கு வந்தது. பழகாத அம்மாவுக்கு மெதுவாகக் கரையும் ஒரு 30 மில்லிகிராம் போதும், நடுராத்திரியில் மூச்சு அடங்கலாம். சிறுநீரகம் பழுதானவர் என்றால் மோர்பினின் கழிவு உடம்பிலேயே தேங்கும். மீதியை எண்ணி, கொடுத்த ஆஸ்பத்திரியிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதுவரைக்கும் பூட்டுள்ள தகரப் பெட்டியில். ஒரே அறை லயத்தில் பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடம் என்று ஒன்று கிடையாது.

தோள்ல ஒட்டுற பேட்ச் தந்திருக்காங்க. குளிருக்கு ஹொட் வோட்டர் பேக் வைக்கலாமா?

பேட்ச் மேல் வைக்கக் கூடாது. பென்டனில் பேட்ச் தோல் வழியாக 72 மணி நேரம் மெதுவாக இறங்கும்படி செய்தது. சூடு பட்டால் இறங்கும் வேகம் கூடும். அடுப்பங்கரையில் அந்தத் தோளைக் காட்டிக்கொண்டு உட்காருவதும் அப்படித்தான். கடுங்காய்ச்சல் வந்தாலும் டொக்டருக்குச் சொல்லுங்கள். கழற்றிய பேட்சில் மருந்து மிச்சமிருக்கும். ஒட்டும் பக்கம் உள்ளே இருக்க மடித்து, பிள்ளைகளின் கையில் படாமல் வையுங்கள்.

ராத்திரி கொஞ்சம் சாராயம் குடிச்சா பரவாயில்லையா?

இல்லை. சாராயம், கசிப்பு, தூக்க மாத்திரை, ப்ரிகபலின் எல்லாம் அபின் வகையோடு சேர்ந்து மூச்சைக் குறைப்பவை. ட்ரமடோலோடு மனச்சோர்வு மாத்திரை குடிப்பவர்கள் அதை டொக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். சில சேர்க்கைகளில் வலிப்பு வரும்.

மக குவைத்துக்கு வேலைக்குப் போறா. முதுகு வலிக்கு ட்ரமடோல் கொண்டு போகலாமா?

கேட்காமல் கொண்டுபோக வேண்டாம். மத்திய கிழக்கு நாடுகளில் ட்ரமடோலும் கொடீனும் கடுமையான கட்டுப்பாட்டில் உள்ளவை; இங்கே துண்டுக்குக் கிடைத்தது அங்கே விமான நிலையத்தில் போதைப்பொருள் வழக்காகலாம். எகிப்தில் 2017இல் ஒரு பிரித்தானியப் பெண் 290 ட்ரமடோல் மாத்திரையோடு பிடிபட்டு மூன்று வருடத் தண்டனை பெற்றார். புறப்படுமுன் அந்த நாட்டுத் தூதரகத்தில் அல்லது முகவரிடம் எழுத்தில் கேட்டு, முன் அனுமதி தேவையென்றால் எடுத்துக்கொள்ளுங்கள். அனுமதி கிடைக்காதென்றால் போவதற்கு மாதங்களுக்கு முன்பே, மேலே சொன்ன மாதிரி குறைத்து நிறுத்த வேண்டும். பிறகு ஊரிலிருந்து ஊறுகாய்ப் பார்சலுக்குள் வைத்து அனுப்பும் வேலையும் வேண்டாம்.

நிறுத்தி மூணு மாசமாச்சு. வலி திரும்ப வந்துருச்சு. பழைய அளவுலயே ஆரம்பிக்கலாமா?

கூடாது. நிறுத்திய சில நாளிலேயே உடம்பு பழக்கத்தை இழக்கத் தொடங்கும். முன்பு தாங்கிய அதே அளவு இப்போது மூச்சை நிறுத்தப் போதும். புதிதாக ஆரம்பிப்பவரைப் போலக் குறைந்த அளவில், டொக்டர் எழுதித்தான்.

தட்டியும் எழும்பவில்லை, மூச்சு நிமிடத்துக்கு எட்டுக்கும் குறைவு, தொண்டையில் களகளவென்று குறட்டை, கண்மணி ஊசி முனையாகச் சுருங்கியிருக்கிறது, உதடு நீலம் என்றால் 1990 சுவசெரிய அம்புலன்சுக்கு அழையுங்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் தண்ணீர் ஊற்றாமல், மாத்திரை அட்டையை அவர்களிடம் கொடுங்கள். மாற்று மருந்தான நலொக்சோன் போட்டவுடன் எழும்பி உட்கார்ந்தாலும் வீட்டுக்குக் கூட்டிவராதீர்கள். அரை மணி முதல் ஒன்றரை மணி நேரத்தில் அதன் வேலை முடிந்துவிடும்; மெதுவாகக் கரையும் மாத்திரை அப்போதும் வயிற்றில் கரைந்துகொண்டிருக்கும்.